வேரும் பெயரும்: பிரெய்ரிச் செடி ஒன்றின் வரலாறு

1919ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பணியாற்றிய இரு அறிஞர்களின் நூல்கள் வெளிவந்தன. ஒன்று மெல்வின் கில்மோர் எழுதியது. மிசௌரி ஆற்றுப் பகுதியின் பூர்வகுடிகள் செடிகொடிகளை எவ்வாறு பயன்படுத்தினர் என்பதை, அம்மக்களின் மொழிகளில் வழங்கும் பெயர்களோடும் அப்பெயர்களின் பொருளோடும் தொகுத்த நூல் அது. மற்றொன்று ஜான் வீவர் எழுதியது. அவர் புல்வெளியில் ஆழமான குழிகளை வெட்டி, செடிகளின் வேர்கள் மண்ணுக்குள் எவ்வளவு தொலைவு, எவ்வாறு செல்கின்றன என்பதை அளந்து வரைந்தவர். இருவருக்கும் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தோடு தொடர்பு உண்டு. இருவர் ஆராய்ந்ததும் பிரெய்ரி எனப்படும் பெரும்புல்வெளியையே. ஒருவர் செடியின் பெயரைக் கேட்டு எழுதினார். மற்றவர் அதன் வேரைத் தோண்டிப் பார்த்தார்.

இவ்விரு வகை அறிவும் ஒன்றோடொன்று சேராமல் போனதன் விளைவை ஒரே செடியின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம். எக்கினேசியா அங்குஸ்டிஃபோலியா என்பது அதன் இன்றைய அறிவியல் பெயர். மருந்துக் கடைகளிலும் மூலிகைத் தேநீர்ப் பொட்டலங்களிலும் 'எக்கினேசியா' என்ற சொல்லைப் பலர் பார்த்திருப்பர். ஆனால், அச்சொல்லுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்தச் செடி அன்று. அது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறியச் செடி வாழும் நிலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ராக்கி மலைத்தொடரின் மழைமறைவுப் பகுதியில், கனடாவின் தென்பகுதி முதல் டெக்சாஸ் வரை விரிந்து கிடப்பது பெருஞ்சமவெளி. கிழக்கிலிருந்து மேற்கே செல்லச் செல்ல மழை குறையும். மேற்கு 100ஆம் தீர்க்கரேகையை ஒட்டிய பகுதியில் ஆண்டு மழை ஏறத்தாழ 50 செ.மீ. மட்டுமே. அதுவும் எல்லா ஆண்டும் உறுதியன்று. கோடையில் வெப்பக் காற்று, குளிர்காலத்தில் உறைபனி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடர் வறட்சி என்பன இந்நிலத்தின் இயல்பு. மரங்கள் இங்கே ஆற்றங்கரைகளோடு நின்றுவிடுகின்றன. மற்ற இடமெல்லாம் புல்லும், புல்லுக்கிடையே பூக்கும் செடிகளும் ஆளும் நிலம்.

அங்குஸ்டிஃபோலியா என்ற இலத்தீன் சொல்லுக்குக் 'குறுகிய இலையுடையது' என்று பொருள். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி பெரும்பாலும் முழங்கால் உயரத்தைத் தாண்டுவதில்லை. ஈட்டிபோல் நீண்ட இலைகளிலும் தண்டிலும் சொரசொரப்பான மயிர்கள் அடர்ந்திருக்கும். குறுகிய இலைப்பரப்பு நீர் ஆவியாவதை மட்டுப்படுத்துகிறது. கோடையின் முற்பகுதியில் தண்டின் நுனியில் ஒற்றைப் பூந்தலை விரியும். சுற்றிலும் வெளிர் ஊதா நிறத்தில் தொங்குபவை மலட்டுப் பூக்கள். விதை தருபவை நடுவே கூம்புபோல் உயர்ந்து நிற்கும் சிறுபூக்கள். அவற்றிடையே விறைப்பான முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பூக்காலம் முடிந்து செடி காய்ந்த பின்னும் அக்கூம்பு கறுத்து இறுகி, குளிர்காலம் முழுவதும் தண்டின் மேல் நிற்கும்.

வறட்சியைத் தாங்கும் வல்லமையின் பெரும்பகுதி மண்ணுக்குக் கீழே இருக்கிறது. இதன் ஆணிவேர் செங்குத்தாக இறங்கி, ஒரு மீட்டர் ஆழத்தையும் தாண்டிச் செல்லக்கூடியது. மேல்மண் காய்ந்துபோகும் காலத்திலும் அடிமண்ணின் ஈரம் அதற்குக் கிடைக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மேற்பகுதி மடியும். வேரின் தலைப்பகுதியிலிருந்து வசந்தத்தில் மீண்டும் தளிர்க்கும். 1930களில் புழுதிப்புயல்களோடு வந்த பெருவறட்சியின்போது வீவரும், கான்சாஸ் மாநிலத்தின் ஹேஸ் நகரில் பணியாற்றிய ஃபிரெட் ஆல்பெர்ட்சனும் இந்தப் புல்வெளிகளை ஆண்டுதோறும் கவனித்தனர். மேலோட்டமாக வேரூன்றிய செடிகள் பரவலாக மடிந்தன. ஆழ வேரூன்றியவற்றுள் பல தாக்குப்பிடித்தன. மேலே தெரியும் உயரத்தை வைத்துப் புல்வெளிச் செடியை மதிப்பிட முடியாது என்பது அவர்களின் குழிகள் கற்பித்த பாடம்.

ஆனால், ஆழமான வேருக்கு விலையுண்டு. முளைத்த செடி முதலில் வேரைத்தான் வளர்க்கிறது. விதையும் உடனே முளைப்பதில்லை. ஈரத்தோடு கூடிய குளிர்காலம் ஒன்றைக் கடந்தால்தான் பெரும்பாலான விதைகளின் உறக்கம் கலையும். வேரை அறுவடை செய்ய, உழுது பண்படுத்திய வயலிலும் மூன்று, நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இயற்கைப் புல்வெளியில் முதல் பூவுக்கே அதனினும் நெடுங்காலம் ஆகலாம். விதையில் பறப்பதற்கான பஞ்சு கிடையாது. தாய்ச்செடியின் அருகிலேயே உதிரும். தன் மகரந்தத்தால் தானே விதை கட்டவும் முடியாது. பொருத்தமான வேறொரு செடி அதே நாள்களில் அருகில் பூத்திருக்க வேண்டும்; இரண்டுக்கும் இடையே தேனீ பறக்க வேண்டும். மெதுவாக வளர்ந்து, நெடுநாள் வாழ்ந்து, அருகிலேயே பரவும் செடி இது.

இத்தகைய செடியோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்கள் அதற்கு என்ன பெயரிட்டனர்? கில்மோரின் பதிவு இங்கேதான் மொழியியலாளர்க்கு விருந்தாகிறது. டக்கோட்டா மொழியில் இச்சாஹ்பெ-ஹு. 'சாட்டைச் செடி' என்று பொருள். ஒமஹா-போன்கா மொழியில் மிகா-ஹி, 'சீப்புச் செடி'. காய்ந்த முட்கூம்பு தலைவாரும் சீப்பாகப் பயன்பட்டது. இரு பெயர்களிலும் ஈற்றில் நிற்கும் ஹு, ஹி என்பன தண்டையும் செடியையும் குறிக்கும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். டக்கோட்டாவும் ஒமஹா-போன்காவும் சியூ மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. மூலமொழியின் உகரம் ஒமஹா-போன்காவில் இகரமாகத் திரிந்தது. ஆகவே, ஈறு பொதுவானது, முதற்சொல்லோ வெவ்வேறு. செடியைப் பார்க்கும் பார்வை ஒவ்வொரு மக்களிடமும் தனியே உருவானது என்பதற்கு இது சான்று.

பானி மொழி வேறு குடும்பம். காடோவன் மொழிகளுள் ஒன்று. அதில் இச்செடிக்கு க்ஸாபிடஹாகோ என்று பெயர். கை என்னும் சொல்லும் சுழற்றுதல் என்னும் சொல்லும் சேர்ந்தது. சிறுவர்கள் இரண்டு தண்டுகளை எடுத்து, தலையோடு தலை தொட, ஒன்றை மற்றொன்றின் மேல் சுழற்றி விளையாடுவர். அந்த விளையாட்டே பெயராயிற்று. இன்னொரு பெயர் ஸாபரிடு காட்ஸ், 'காளான் மருந்து'. பூந்தலையின் வடிவம் காளானை ஒத்திருப்பதால் வந்தது. ஒமஹா-போன்காவில் கண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த வேறொரு பெயரும் உண்டு. கண் கழுவும் மருந்தாகப் பயன்பட்டதை அது சுட்டுகிறது.

பிற செடிகளைவிட மிகுதியான நோய்களுக்கு மருந்தாக அம்மக்கள் பயன்படுத்தியது இச்செடியே எனக் கில்மோர் குறிப்பிடுகிறார். பாம்புக்கடி, பல்வலி, வீங்கிய சுரப்பிகள், தீப்புண் எனப் பட்டியல் நீள்கிறது. எரியும் கரித்துண்டை வாயில் வைத்துக் காட்டும் வித்தைக்காக, முன்னதாக இதைக் கொண்டு வாயை மரத்துப்போகச் செய்ததாக வின்னபேகோ இனத்தவர் ஒருவர் கூறியதையும் பதிவுசெய்கிறார். பாம்புக்கடிக்கு இது மருந்தாகும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால், மரத்துப்போதல் உண்மை. இவ்வேரில் உள்ள அல்கமைடுகள் எனும் வேதிப்பொருள்கள் நாக்கில் பட்டவுடன் கூச்சமும் மரமரப்பும் உண்டாகும்.

மருத்துவப் பயன் இவ்வளவு மிகுந்த செடிக்கு இட்ட பெயர்களுள் பெரும்பாலானவை மருந்தைக் குறிக்கவில்லை. வேரை எதுவுமே குறிக்கவில்லை. சாட்டை, சீப்பு, சுழற்றும் விளையாட்டு, காளான் ஆகிய எல்லாம் மண்ணுக்கு மேலே தெரியும் தண்டையும் தலையையும் பற்றியவை. குளிர்காலத்திலும் நிற்கும் அந்தக் கறுத்த கூம்பு கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது, கைக்கும் பயன்பட்டது. நோயாளியாக வந்து செடியைத் தேடியோர் இட்ட பெயர்களாக இவை தோன்றவில்லை. செடிக்கு நடுவே வாழ்ந்தோர் இட்ட பெயர்கள்.

ஐரோப்பியரின் பெயர்சூட்டல் வேறொரு செடியிலிருந்து தொடங்கியது. அமெரிக்காவின் கிழக்கிலும் நடுப்பகுதியிலும், ஈரம் சற்று மிகுந்த திறந்த காடுகளிலும் காட்டோரங்களிலும் வளரும் உறவுச்செடி ஒன்று உண்டு. அகன்ற இலை, இடுப்பளவு உயரம், ஆணிவேருக்குப் பதிலாகச் சல்லிவேர்த் தொகுதி என்பன அதன் அடையாளங்கள். லின்னேயஸ் 1753இல் அதற்கு ருட்பெக்கியா பர்ப்யூரியா என்று பெயரிட்டார். ஸ்வீடனின் ருட்பெக் குடும்பத்து அறிஞர்களின் நினைவாக அமைந்த பேரினப் பெயர் அது. 1794இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரைச் சேர்ந்த கோன்ராட் மோன்ஹ் அச்செடியைத் தனிப் பேரினமாகப் பிரித்து எக்கினேசியா என்றார். 'முள்ளெலி' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர். ஒமஹா மக்களுக்குச் சீப்பாகத் தோன்றிய அதே முட்கூம்பு அவருக்கு முள்ளெலியாகத் தோன்றியது. சமவெளியின் குறுகிய இலைச் செடி, அகஸ்டின் டி காண்டோல் வழியாக, 1836இல்தான் இப்பேரினத்தில் சேர்ந்தது. இவ்வாறு, வறண்ட நிலத்துச் செடிக்கு ஈர நிலத்துச் செடியின் குடும்பப் பெயர் அமைந்தது.

குழப்பம் அதோடு நிற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சில தாவரவியலாளர்கள் எக்கினேசியாவை விட்டுப் பிரௌனேரியா என்ற பேரினப் பெயரைக் கையாண்டனர். கில்மோரும் இச்செடியைப் பிரௌனேரியா பல்லிடா என்ற தலைப்பில்தான் வைத்தார். இன்று பல்லிடா என்பது வேறொரு சிற்றினம்; அங்குஸ்டிஃபோலியாவை விட உயரமானது, சமவெளியின் கிழக்கு விளிம்பை ஒட்டியது. நாக்கை மரத்துப்போகச் செய்யும் அல்கமைடுகள் பல்லிடா வேரில் மிகக் குறைவு. எனவே, கில்மோர் பதிவுசெய்த பயன்களும் அவர் பணியாற்றிய நிலப்பரப்பும் சுட்டுவது அங்குஸ்டிஃபோலியாவையே எனக் கொள்வது பொருந்தும். இலத்தீன் தலைப்பு தடுமாறிய இடத்தில், கரித்துண்டைப் பற்றிய ஒரு மனிதரின் கூற்று செடியைச் சரியாக அடையாளம் காட்டுகிறது. பேரினம் முழுவதையும் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் மெக்ரிகர் 1968இல் ஒன்பது சிற்றினங்களாக வகுத்த பின்னரே இக்குழப்பம் பெரிதும் அடங்கியது.

இதற்கிடையே வேருக்குச் சந்தை பிறந்தது. பானி மக்கள் 1870களின் நடுவில் நெப்ராஸ்காவிலிருந்து இன்றைய ஓக்லஹோமாவுக்கு இடம்பெயர்க்கப்பட்டனர். அவர்களின் பெயரைத் தாங்கிய பானி சிட்டி எனும் ஊர் மட்டும் நெப்ராஸ்காவில் நின்றது. அவ்வூரில் எச்.சி.எஃப். மேயர் எனும் ஜெர்மானியர், 'மேயரின் இரத்தச் சுத்திகரிப்பான்' என்ற பெயரில் வேர்ச்சாற்று மருந்து விற்றார். 1880களில் அவர் அதை சின்சினாட்டி நகரின் மருத்துவர் ஜான் கிங்குக்கும் மருந்தியலாளர் ஜான் யூரி லாய்டுக்கும் அனுப்பினார். முழுச்செடியையும் அனுப்பும்படி கேட்டுப் பெற்ற பிறகு, அது எக்கினேசியா அங்குஸ்டிஃபோலியா என லாய்டு அடையாளம் கண்டார். மருந்தை மெய்ப்பிக்க, உயிருள்ள கிலுகிலுப்பைப் பாம்பைக் கொண்டுவந்து தம்மைக் கடிக்க வைத்துக் காட்டுவதாகவும் மேயர் முன்வந்தார். அவர்கள் அதை ஏற்கவில்லை. 1887இல் கிங் இதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். தாவர மருந்துகளைப் பெரிதும் நம்பிய எக்லெக்டிக் மருத்துவர்களிடையே அது விரைவில் புகழ்பெற்றது.

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மருந்துக் குழு 1909இல் இதன் பயன்களை ஏற்க மறுத்தது. எனினும் 1916 முதல் 1950 வரை அந்நாட்டின் தேசிய மருந்து விதிநூலில் இவ்வேர் இடம்பெற்றது. ஆங்கிலத்தில் வழங்கிய பெயர்களையும் நோக்க வேண்டும். 'கறுப்பு சாம்சன்', 'கான்சாஸ் பாம்புவேர்' என்று அழைத்தனர். பூந்தலையைப் பார்த்த பெயர்களின் பக்கத்தில் இப்போது வேரைப் பார்த்த பெயர் வந்து சேர்ந்தது. விலை எங்கே இருந்ததோ அங்கே பெயரும் சென்றது.

1930களின் இறுதியில் கதை ஜெர்மனிக்கு மாறுகிறது. மருந்து நிறுவனம் நடத்திய கெர்ஹார்ட் மடவுஸ், அங்குஸ்டிஃபோலியாவைத் தம் நாட்டிலேயே பயிரிட விரும்பி அமெரிக்காவிலிருந்து விதை வருவித்தார். முளைத்து வளர்ந்தது பர்ப்யூரியா. அகன்ற இலையுடைய அச்செடி மெதுவாக வளரும் ஆணிவேர்ச் செடியைவிட எளிதில் பயிராகும். அதன் பூத்த மேற்பகுதியைப் பிழிந்த சாறே அவர் நிறுவனத்தின் மருந்தாயிற்று. சமவெளி மக்கள் பயன்படுத்தியது வறண்ட நிலச் செடியின் வேர்; ஐரோப்பா பெருமளவில் ஆராய்ந்ததும் விற்றதும் ஈர நிலச் செடியின் தழை. இரண்டுக்கும் பெயர் எக்கினேசியா.

பெயர் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றே எனக் கொள்ளும் பழக்கம் மேலும் தொடர்ந்தது. எக்கினேசியா பர்ப்யூரியா வேர் என விற்கப்பட்டு ஆராயப்பட்ட சரக்கில் ஒரு பகுதி உண்மையில் பார்த்தீனியம் இன்டெக்ரிஃபோலியம் என்னும் செடியின் வேர் என்பதை 1980களில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இந்திய வயல்களில் களையாகப் பரவியுள்ள பார்த்தீனியத்தின் அதே பேரினம் அது. முந்தைய ஆய்வு முடிவுகள் சில எந்தச் செடியைப் பற்றியவை என்ற கேள்வி அதனால் எழுந்தது. 2005இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வொன்று, அங்குஸ்டிஃபோலியா வேர்ச்சாறு சளிக்காய்ச்சல் வைரஸ் தொற்றில் பயனளிக்கவில்லை என்றது. அம்முடிவை 'எக்கினேசியா பயனற்றது' என்று சுருக்குவதும், பர்ப்யூரியா ஆய்வைக் காட்டி 'பூர்வகுடிகளின் மருந்து மெய்ப்பிக்கப்பட்டது' என்பதும் ஒரே வகைப் பிழையே.

தோட்டக்கலையிலும் இதே நிலை. 'வறட்சி தாங்கும் பிரெய்ரிப் பூ' என்று நாற்றங்கால்களில் கிடைப்பது பெரும்பாலும் பர்ப்யூரியாவும் அதன் கலப்பினங்களும். வேரூன்றிய பின் ஓரளவு வறட்சியை அதுவும் தாங்கும் என்பது உண்மை. ஆனால், மண்ணின் ஆழத்து ஈரத்தைத் தேடிச் செல்லும் ஆணிவேர் அதற்கு இல்லை. ஆணிவேர்ச் செடியோ தொட்டியில் அடங்காது, இடமாற்றினால் வருந்தும், பூக்க நாளெடுக்கும். வறட்சியைத் தாங்கவைக்கும் பண்பே அதை விற்பனைக்கு ஒவ்வாததாக்குகிறது. ஒன்றின் புகழில் மற்றொன்று விற்கிறது.

காட்டு வேருக்கான தேவை 1990களில் மீண்டும் பெருகியது. 1994இல் வந்த உணவுத் துணைப்பொருள் சட்டம் மூலிகைச் சந்தையை விரிவாக்கியது. சமவெளியில் வேர் தோண்டுவோர் பெருகினர். அந்தப் பத்தாண்டின் இறுதியில் வட டக்கோட்டாவும் மொன்டானாவும் சட்டத்தால் கட்டுப்படுத்த முனைந்தன. மெதுவாக வளரும் செடி ஒரே தோண்டலில் அழிந்துவிடும் என்ற அச்சம் இயல்பானதே. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் கெல்லி கிண்ட்ஷரும் உடன் ஆய்வாளர்களும் தோண்டிய குழிகளைத் தொடர்ந்து கவனித்தபோது வேறொரு செய்தி கிடைத்தது. தோண்டுவோர் எடுப்பது வேரின் மேற்பகுதியை மட்டும். அடியில் எஞ்சிய வேரிலிருந்து, இரண்டு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ பாதிச் செடிகள் மீண்டும் துளிர்த்தன. வறட்சிக்காக இறங்கிய ஆழம் மண்வெட்டியிடமிருந்தும் காத்தது.

ஏரிடமிருந்து அந்த ஆழம் காக்கவில்லை. உயர்புல் பிரெய்ரியில் இன்று எஞ்சியிருப்பது நூற்றில் நான்கு பங்குக்கும் குறைவு. வயல்களுக்கு நடுவே துண்டு துண்டாக நிற்கும் அத்தகைய எச்சங்களை, மினசோட்டா மாநிலத்தின் மேற்குப் பகுதியில் ஸ்டூவர்ட் வாகெனியஸ் குழுவினர் 1990களின் நடுவிலிருந்து ஆராய்ந்து வருகின்றனர். அங்கே தனிச்செடிகள் மடிவதில்லை; நெடுங்காலம் நிற்கின்றன. ஆனால், அருகில் பொருத்தமான இணை இல்லாததால் பல பூக்கள் விதையின்றிப் போகின்றன. 21 ஆண்டுத் தரவுகளைக் கொண்டு 2020இல் அக்குழு வெளியிட்ட ஆய்வு ஒரு காரணத்தைத் தெளிவாக்கியது. புல்வெளியில் தீப்பரவிய அடுத்த கோடையில் மிகுதியான செடிகள் ஒரே காலத்தில் பூக்கின்றன, விதையும் பெருகுகிறது. மின்னலாலும் பூர்வகுடிகள் இட்ட தீயாலும் அடிக்கடி எரிந்த நிலத்தில், குடியேற்றத்துக்குப் பின் தீ தடுக்கப்பட்டது. செடியைத் தொடாமலேயே அதன் சந்ததியைக் குறைக்க முடியும் என்பதை இது காட்டுகிறது.

வறட்சி தாங்கும் செடி என்ற புகழுரையில் ஓர் ஆபத்து உண்டு. எதையும் தாங்கும் என்ற எண்ணத்தை அது தருகிறது. அங்குஸ்டிஃபோலியா மழையின்மையைத் தாங்கும். மண்வெட்டியையும் பாதியளவு தாங்கும். பக்கத்தில் தன் இனம் பூக்காத தனிமையை அது தாங்குவதில்லை. ஆழமாக வேரூன்றிய செடி உயிரோடு நிற்பதைக் கண்டு புல்வெளி நலமாக இருப்பதாக எண்ணிவிடலாம். கடைசித் தலைமுறை மட்டுமே அங்கே நின்றுகொண்டிருக்கலாம்.

மொழிகளைப் பற்றியும் இதையே சொல்லலாம். கில்மோர் தம் பட்டியலைத் தொகுத்தபோது அப்பெயர்கள் பேசுவோரின் வாயில் இருந்தன. பானிச் சிறுவர்களின் தண்டு சுழற்றும் விளையாட்டு அவருக்குத் தகவல் தந்தோரின் நினைவில் இருந்தது. அவர்களுடைய நிலம் பறிபோய் நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தாவரவியல், மொழியியல், வரலாறு எனத் தனித்தனியே பயிலும் மாணவர்கள் பழைய ஆவணமொன்றில் ஒரு செடியின் பெயரைக் காணும்போது, அது எந்தச் சிற்றினம், எந்த நிலத்தில், யாருடைய வாயிலிருந்து வந்தது என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது. அவற்றுள் ஒன்றைத் தவறவிட்டதால்தான் ஒரு செடியின் புகழ் மற்றொன்றின் பொட்டலத்தில் அச்சாகி வருகிறது.